மூன்றாவது ஆள்

உடைந்த பூட்டை மோந்து முடித்த போலீஸ் நாய் மேகா, அடுத்து என்ன என்பதுபோல், கயிற்றைப் பிடித்திருந்த பெண் காவலரை நிமிர்ந்து பார்த்தது.

உப்பளத்துக் கொட்டகையில் இருந்த, தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் காணவில்லை. வெளியே, காலை வெயிலில், ஏழு தொழிலாளிகள் வரிசையாக நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவதா நிக்கான் பாரு, இசக்கி. அவன்கிட்ட போகும்போது பந்து வச்சிருக்க பாக்கெட்டைத் தொடு. நாய் தானா உக்காந்துரும்."

உட்காரும். அது அவளுக்கும் தெரியும்.

சரியான ஆள் முன்னால் உட்கார்ந்தால் ரப்பர் பந்து. இரண்டு வருடமாக அவள் பழக்கியது அதைத்தான். பழக்காத ஒன்றையும் மேகா கற்றிருந்தது. பந்து வருவதற்கு முன் அவள் கை அசையும். கை அசைந்தால் போதும், வாசனைகூட வேண்டாம்.

போன வாரம் கூலி உயர்த்தக் கேட்டு, வேலையை நிறுத்தி எல்லோரையும் வரப்பில் உட்காரவைத்தவன் இசக்கி.

அவள் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

முதல் ஆள்.

இரண்டாவது ஆள்.

மூன்றாவது ஆளின் பாதங்களில் உப்பு அரித்த வெடிப்புகள். மேகா மோந்தது. பிறகு அவள் கையைப் பார்த்தது.

கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தது.

கை கயிற்றிலேயே இருந்தது.

மேகா நகர்ந்தது. ஏழு பேரையும் கடந்தது. எங்கும் உட்காரவில்லை.

வரிசையின் முடிவில், எல்லோரும் பார்க்க, அவள் பந்தை எடுத்து அதற்குக் கொடுத்தாள்.

"ஒண்ணையும் கண்டுபிடிக்கல. எதுக்கு பந்து?"

"இவங்க இல்லைன்னு சொல்லிருச்சுல்லா சார். அதுக்கு."

வரிசையில் யாரோ இருமினார்கள். சிரிப்பாகவும் இருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் கயிற்றைப் பிடுங்கினார். மேகாவை இழுத்துப்போய் இசக்கி முன்னால் நிறுத்தித் தன் பாக்கெட்டைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

மேகா அவர் கையைப் பார்த்தது. பந்து ஏற்கெனவே அதன் வாயில் இருந்தது. வாலை ஆட்டியபடி நின்றது.

"நாளைலருந்து இந்த நாய் உன் கையில இருக்காது."

"சரி சார்."

 

அறிக்கைத் தாளை ஜீப்பின் முகப்பில் விரித்தாள். உப்புக் காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

'நாய் எவர் முன்னிலையிலும் உட்காரவில்லை.'

கீழே கையெழுத்திட்டு, இன்றைய தேதியை எழுதினாள்.