கெர்னலுக்குத் தெரியாத பதிவு

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் கிரேனடியில் இறந்த சைமன், அன்று வேலைக்கே வரவில்லை, சுவரேறிக் குதித்தவன் என்றது நிர்வாகம். கேமரா பதிவு மட்டுமே சாட்சி. அதைச் சுருக்கிவைத்த மென்பொருள் புதியது. அந்தச் சுருக்க முறை அலுவலகக் கணினியை இயக்கும் அடிப்படை நிரலான பழைய லினக்ஸ் கெர்னலுக்குத் தெரியாது. அதனால் பதிவு இருந்த ஹார்டு டிஸ்க் திறக்கவில்லை.

"திறக்காததை எதுக்கு வெச்சிருக்க? அழிச்சிடு," என்றார் மேனேஜர்.

"மாட்டேன் சார். புது கெர்னல் போட்டா தொறந்துக்கும். அது வரிக்கும் இங்கதான் கீது," என்றாள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெப்சிபா.

அவர் டிஸ்க்கைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். திரையில் ‘இந்தச் சுருக்க முறையைப் படிக்க வசதி இல்லை’ என்ற வரி அப்படியே நின்றது. அதற்குக் கீழே, டிஸ்க் இல்லாமலே, படம் ஓடத் தொடங்கியது. சைமன் வாட்ச்மேனுக்குக் கையசைத்துவிட்டு கேட் வழியாக உள்ளே வந்தான்.

மேனேஜர் எழுந்தார். ஹெப்சிபா வாசலை மறித்து நின்றாள்.

"ஒக்காரு சார். முழுசாப் பாத்துட்டுப் போ."