சோமசேகரத்தாரின் மணிக்கட்டு

“இது மனுசக் கையோ, சந்தைக்குக் கொண்டுபோற ஆட்டின்ரை காலோ? நீங்களே பாருங்கோ மிஸ்!”

நிருபன் தகப்பனின் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த தழும்பு. இரண்டிலும்.

அன்னலட்சுமி குனிந்து பார்த்தா. வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அவ. முறைப்பாடு என்றதும் டவுனிலிருந்து பாலையூற்றுக்கு ஓட்டோ பிடித்து வந்திருந்தா.

சக்கரக் கதிரையில் சோமசேகரம். ஒரு காலத்தில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பாரிசவாதம் வந்ததிலிருந்து வலப்பக்கம் வழங்காது. பேச்சும் போய்விட்டது.

சுவரோரம் நின்றாள் பஸ்மியா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிறவள்.

“நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போறனாங்கள். இவவை நம்பித்தானே விட்டிட்டுப் போறம்?” நிருபனின் மனைவி கஜந்திக்குக் குரல் தழுதழுத்தது. “நேற்று வீடியோ கோலிலை கனடா மச்சாள் கண்டிட்டுக் கத்தின கத்து! எங்களுக்குத் தலையைக் காட்ட ஏலாமல் போச்சு.”

“நான் கட்டல்ல மிஸ்” என்றாள் பஸ்மியா.

“அப்ப ஆர் கட்டினது? பேயோ?” நிருபன் பாய்ந்தான்.

“அவவின்ரை துணிவைப் பாருங்கோ மிஸ்” என்றாள் கஜந்தி. “மகளுக்கு டாட்டா காட்டுங்க ஐயா எண்டு சொல்லி, கையைத் தூக்கிப் பிடிச்சதே இவதான்.”

அன்னலட்சுமி புருவத்தைச் சுருக்கினா. “ஏன் பிள்ளை தூக்கிப் பிடிச்சனீர்?”

“அவருட மகள் காணட்டும் எண்டுதான்.”

“என்னத்தைக் காண? உம்மடை கைவண்ணத்தையோ?”



அன்னலட்சுமி நிருபன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினா. “தம்பி, கோவிக்காதேங்கோ. எங்களிட்டை ஒரு தராதரம் இருக்கு. பயிற்சி குடுத்து, சான்றிதழ் குடுத்துத்தான் ஆக்களை அனுப்புறனாங்கள்.”

“உங்கடை தராதரத்தைப் பிரேம் போட்டு ஒபிசிலை மாட்டுங்கோ! இதுவே வெளிநாடு எண்டால் மறியலிலை போட்டு அடைச்சிருப்பாங்கள். இஞ்சை ஆர் கேக்கிறது? வாய் பேச ஏலாத மனுசன் எண்டால் என்னவும் செய்யலாம். அவர் ஆரிட்டைப் போய்ச் சொல்லப்போறார்? வீட்டுக்குள்ளை நடக்கிறதை எந்தச் சட்டம் எட்டிப் பாக்குது? பேஸ்புக்கிலை போடுறன் பாருங்கோ, உங்கடை நிறுவனத்தின்ரை பேரோடை!”

சொன்னதில் ஒரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்ல இயலாது. அத்தனையும் உண்மை.

நிறுவனத்தின் பேர் என்றதும் அன்னலட்சுமிக்கு வியர்த்துவிட்டது.

“ஐயோ தம்பி, அது வேண்டாம். பஸ்மியா, இண்டையோடை உமக்கு வேலை இல்லை. இஞ்சையும் இல்லை, வேறை வீடும் இல்லை.”

“மிஸ், போன கிழமை நான் கோல் எடுத்துச் சொன்னன்தானே...”

“என்ன கோல்?” நிருபன் திரும்பினான்.

“அது... லீவு கேட்டவ” என்றா அன்னலட்சுமி.

பஸ்மியா லீவு கேட்கவில்லை. ‘ஐயாட கையில தழும்பு கிடக்கு மிஸ், ஒருக்கா வந்து பாருங்க’ என்று கேட்டிருந்தாள். ‘போன வீட்டிலை வேலையை மட்டும் பாரும்’ என்று சொல்லிப் போனை வைத்தது அன்னலட்சுமிதான். அதை இப்போது சொன்னால் பழி நிறுவனத்தின் தலையில் விழும்.

பஸ்மியா அவவையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“என்ன நிப்பாட்டுங்க மிஸ். ஆனா வேற ஒராள அனுப்பிப்போட்டு நிப்பாட்டுங்க. ஐயாவத் தனிய விடாதீங்க.”

“அடேங்கப்பா, அக்கறை!” கஜந்தி சிரித்தாள். “பெத்த மகனை விட உமக்கோ?”

பஸ்மியா கைப்பையை எடுத்தாள். போகமுதல் சோமசேகரத்தின் சேட்டுக் கையை இழுத்துத் தழும்பு உரசாமல் விட்டாள். அவர் அவளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

நிருபனுக்குக் கோபம் தணிந்திருந்தது. “பொலிசுக்குப் போகேல்லை மிஸ். அந்தளவுக்கு நாங்கள் இரக்கமில்லாத ஆக்கள் இல்லை.”

“உங்கடை நல்ல மனசு தம்பி.”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. கோணேசரிட்டைப் போகவேணும், நேரமாகுது” என்றாள் கஜந்தி. அர்ச்சனைத் தட்டு மேசையில் ஆயத்தமாக இருந்தது.

“அப்ப ஐயாவோடை ஆர் நிக்கிறது?” ஒப்புக்குக் கேட்டா அன்னலட்சுமி.

“அவர் பேசாமல் இருப்பார் மிஸ். நாங்கள் போனால் கதிரையை விட்டு அசையமாட்டார்” என்ற நிருபன், தகப்பன் பக்கம் குனிந்து, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னான்.

“அப்பா, நாங்கள் கோயிலுக்குப் போட்டு வாறம், என்ன?”

சோமசேகரம் மகனை நிமிர்ந்து பார்த்தார். இடக்கையால் வழங்காத வலக்கையை மெல்லத் தூக்கினார். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து, கட்டுவதற்கு வசதியாக மகனிடம் நீட்டினார்.