என்ன பட்டாலும் திறக்கும்

“பீப், பீப், பீப்.”

மூடிக்கொண்டு வந்த வான் கதவு பாதியில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போய் முழுதாகத் திறந்துகொண்டது. திரும்பவும்.

“அம்மா! கையை எடுங்கோ எண்டு சொன்னனெல்லே!”

“கை வைக்கேல்லையடா. இது மிளகாய்த்தூள்.”

அம்மா மிளகாய்த்தூள் பையை, வானுக்குள் இருந்த யாதவி அக்காவின் காலடியில் தள்ளினார். ஏற்கெனவே அங்கே ஒரு ரைஸ் குக்கர், பருத்தித்துறை வடை நிறைந்த ஐஸ்கிரீம் பெட்டி, எங்கள் சோபாவில் இருந்த குஷன் ஒன்று. அக்கா போவது எங்கடின் மலைப்பக்கத்துக்கு, குளிர்காலம் முழுக்க ஒரு ஹோட்டலில் வேலை செய்ய. அம்மா ஏற்றுவதைப் பார்த்தால் அங்கே கடையே இல்லை என்று நினைப்பீர்கள்.

நான் டிரைவர் சீட்டில். லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சூரிச்சில் அக்காவின் ரெயினைப் பிடிக்க வேண்டும். நாங்களோ டீட்டிகோனில் எங்கள் புளொக் வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், பீப் பீப் என்று எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டார். இனி ஒரு மாதத்துக்கு எனக்கு ‘க்ருயெட்சி’ என்று வணக்கம் சொல்ல மாட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் யாருக்காவது பாடம் எடுக்கக் கிடைத்தால் மட்டும் விடமாட்டேன்.

“அம்மா, வடிவாக் கேளுங்கோ. கதவை இழுக்கிறது மோட்டர். இந்த விளிம்பில கறுப்பு ரப்பர் பட்டி ஓடுதெல்லே? அதுக்குள்ள வயர் இருக்கு. ஏதாவது பட்டு அமத்தினால், ஆற்றையோ கையாக்கும் எண்டு நினைச்சு மோட்டரைத் திருப்பிவிடும். அதாலதான் திறக்குது.”

“என்ன பட்டாலுமோ?”

“என்ன பட்டாலும்.”

“குஷன் பட்டாலும்?”

“அதுக்கு ஆளும் ஒண்டுதான், குஷனும் ஒண்டுதான்.”

“ம்ம். நல்ல கதவு,” என்றார் அம்மா.

விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என்னை இழந்ததில் நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்றும் நினைத்தேன்.

பட்டனை அமத்தினேன். கதவு வந்தது. அம்மா ஊறுகாய்ப் போத்தலை நீட்டினார். பீப், பீப், பீப்.

இந்த மனுசிக்கு மூளை இருக்கிறதா? அப்போது நான் யோசித்தது இதுதான். பொய் சொல்லி என்ன பிரயோசனம்?

அக்கா எங்கள் மூன்றாம் மாடி பல்கனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்பா இல்லை.

அவள் வங்கி வேலையை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போவதாகச் சொன்ன அன்று, “நான் ஹோட்டலில கோப்பை கழுவினது நீ திரும்பவும் அங்க போறதுக்கோ?” என்று அப்பா கேட்டார். அதுதான் கடைசி. பிறகு அவளோடு கதைக்கவே இல்லை. அப்பாவின் முறை அது. சோலோதுர்னில் இருக்கும் சித்தப்பா இதே வான் கதவை யாழ்ப்பாணத்து மினிபஸ் கதவு மாதிரி இழுத்து அறைந்ததற்கு, தீபாவளி வரைக்கும் சித்தப்பாவோடு கதைக்கவில்லை. என்னோடு மட்டும் கதைப்பார். ஏசுவதற்கு வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே.

இன்றைக்கும் கதைக்காமல் விட்டால் அவ்வளவுதான். பனி கரையும் வரைக்கும் அக்கா வீட்டுக்கு வரமாட்டாள்.

“டேய் ஜெனுசன்!” அப்பாவின் குரல் மட்டும் ஜன்னலால் வந்தது. “என்னடா கதவு கத்துது? சாத்திப்போட்டு வானை எடடா! ரெயினை விடப்போறாள்!”

“அம்மாதான் விடுறா இல்லை, அப்பா!”

“கதவு பழுதாப் போச்சு!” அம்மா மேலே பார்த்துக் கத்தினார்.

“பழுதில்லை அம்மா, நீங்கள்தான்...”

“நீ சும்மா இரு.”

சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சித்தப்பா மாதிரியே ஓர் இழுவை இழுத்தார்.

மேலே வீட்டுக் கதவு அடிபட்டது. படியில் செருப்புச் சத்தம். சாரமும் குளிர் ஜாக்கெட்டுமாக அப்பா ஓடிவந்து நின்றார்.

“இதில கை வையாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்! விலத்துங்கோ!”

குனிந்தார். ரப்பர் பட்டியை ஜாக்கெட் கையால் துடைத்தார். மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். கீழே கதவு ஓடும் தண்டவாளத்தில் கல் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தார். பார்க்க இனி ஒன்றும் இல்லை. நிமிர்ந்தார். அக்காவின் முகம் நேரே இருந்தது.

“காலை உள்ள எடு,” என்றார், கதவைப் பார்த்து. பிறகு அவளைப் பார்த்தார். “அங்க பனி கூட. இந்தச் சப்பாத்துக் காணாது, பிள்ளை.”

“வாங்குவன், அப்பா.” அக்கா அழத் தொடங்கிவிட்டாள். “போய்ச் சேர்ந்து போன் எடுத்தா, கதைப்பீங்களோ?”

“கதைக்காமல்?” என்றார் அப்பா, ஏதோ தினமும் கதைத்த ஆள் மாதிரி.

அம்மா எங்கே என்று பார்த்தேன். அடுத்த சாமானைக் கட்டிப்பிடித்தபடி தள்ளிப்போய் நின்றார். அதை ஏற்றவில்லை. சத்தம் வராமல் நிலத்தில் வைத்தார்.

பழைய பத்திரிகைக் கட்டு. குப்பை வண்டிக்காரர் எடுத்துப்போவதற்காக நான் நூல் போட்டுக் கட்டி வாசலில் வைத்தது.

எங்கடினில் அக்காவுக்குப் பழைய பத்திரிகை எதற்கு?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பாடத்தில் அம்மாவுக்கு ஆறுக்கு ஆறு. வாத்தியார்தான் ஃபெயில்.

அப்பா அக்காவின் கையைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“என்னடா ஆவெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாய்? நேரம் போகுது. பட்டனை அமத்து!”

நான் அமத்தவில்லை.