மழைக்கு வர்ற ழ

“கையை எடுங்கம்மா, உளி பட்டுடப் போகுது.”

அந்த அம்மா எடுக்கவில்லை. போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்ட கருங்கல்லில், ஒரே ஒரு பெயரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

கல்தச்சர் உளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எந்தத் தாயின் கண்ணில் படாமல் வேலையை முடித்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தாரோ, அந்தத் தாயே எதிரில்.

ஏற்கெனவே பூங்கா வாசலில் ஒரு கூத்து நடந்திருந்தது. நினைவுச்சின்னத்துக்கு மாலை போட ஒரு கூட்டம், அதை இடிக்கச் சொல்லி ஒரு கூட்டம். உளியும் சுத்தியலுமாக வந்தவரைப் பார்த்து, இடிக்க வந்தவர் என்று முதல் கூட்டம் திட்டியது. இரண்டாவது கூட்டம் கைதட்டியது. வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் கைதட்டல்.

வந்த வேலையோ ஒற்றை எழுத்து. சின்னத்தைக் கட்டிய கட்சியின் செயலாளர் பெயர்களைப் போனில் வாசிக்க, இவர் காதில் விழுந்தபடி வெட்டினார். செயலாளரோ மேடையிலேயே ‘தமிள் வாள்க’ என்று முழங்குகிறவர். ‘ழ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’ சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. “பேரையே ஒழுங்கா எழுதத் தெரியல, இதுல தியாகமாம்” என்று எதிர்க்கூட்டம் சிரித்த பிறகுதான், உடனே திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

“வாரா வாரம் வர்றாங்கண்ணே,” காவலாளி காதோரம் வந்தார். “அந்த எழுத்தைத் தடவிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு பூகூட வெச்சதில்ல. வெட்டினவன் கை விளங்காமப் போகட்டும்னு வேண்டிக்கிறாங்களோ என்னவோ.”

“விளங்குற கையா இருந்தா நான் ஏன்யா மறுபடியும் இங்க வந்து நிக்கிறேன்?”

கல்தச்சர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சுடுங்கம்மா. பேரு வெச்சவங்களுக்குத்தானே அதோட அருமை தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? அவனுக்குத்தான் தெரியும்.” அந்த அம்மாவின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. “பேருல யாரும் தப்பு விட்டா அவனுக்குப் பொறுக்காது. ஒண்ணாவது படிக்கும்போதே டீச்சரைத் திருத்தினவன். ‘பள்ளிக்கு வர்ற ள இல்ல டீச்சர், மழைக்கு வர்ற ழ’ம்பான்.”

கல்தச்சருக்கு அந்தக் கல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இன்னைக்கே சரி பண்ணிடறேன்மா. கல்பொடிப் பசை வெச்சு இந்த எழுத்தை அடைச்சுட்டு, காய்ஞ்சதும் மேல புதுசா வெட்டிட்டா, தப்பு இருந்த தடமே தெரியாது. இருந்து பாத்துட்டே போங்க.”

“ரொம்ப நேரம் இருக்க முடியாது தம்பி. சாவியை நிலைக்கு மேலயே வெச்சுட்டு வந்திருக்கேன்.”

“வீட்ல யாரும்மா இருக்காங்க?”

“நான் ஒருத்திதான்.”

அதற்குள் வாசலில் சத்தம் உயர்ந்தது. ‘வாழ்க’ என்று ஒரு பக்கம், ‘ஒழிக’ என்று ஒரு பக்கம். இரண்டிலும் ழ சுத்தமாகத்தான் இருந்தது.

கல்தச்சர் மண்டியிட்டு, கல்லின் மேலிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கப் பார்த்தார். சில்லென்றிருந்தன. சட்டென்று அவை அவருடைய உளி பிடித்த மணிக்கட்டை இறுக்கிக்கொண்டன.

“வேண்டாம் தம்பி. தப்பாவே இருக்கட்டும்.”

“என்னம்மா நீங்க? உங்க பையன் பேரு தப்பா இருக்கலாமா?”

அந்த அம்மா தலையை ஆட்டினார். வாசலில் இருக்கிற யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

“என் பையனுக்கு மழைக்கு வர்ற ழ. இது வேற யாரோ பெத்த பிள்ளை.”