விரல் அறியாத நூல்

பிறந்தவீட்டு முற்றத்தில் காலை வெயில். அண்ணன் மனைவி ஆவுடைத்தாய் மைனி பஞ்சடிக்கும் வில்லின் நாணைத் தட்டத் தட்ட, கருங்கண்ணிப் பஞ்சு நுரையாய்ப் பொங்குகிறது. பேறுகாலத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருக்கும் ஞானம்பாள், வேர்வை ஒட்டாதிருக்க விரல்களில் சாம்பல் தடவிக்கொண்டு எதிரே ராட்டை சுற்றுகிறாள். நூற்பவளின் கண் எங்கும் போகலாம். பஞ்சில் கட்டி வந்தால் விரல் சொல்லிவிடும். “ஏட்டி, நூலப் பாரு, இம்புட்டுக் கட்டியா விட்டிருக்க!” என்கிறாள் மைனி. ஞானம்பாள் குனிகிறாள். ராட்டைக் கதிரில் சுற்றிய நூலெங்கும் புடைப்புகள். ஒன்றுகூட விரலுக்குத் தெரியவில்லை. சாம்பலைத் துடைத்துவிட்டு நூலை விரல்களுக்கிடையில் உருட்டுகிறாள். நூல் இருப்பதே தெரியவில்லை. பெருவியாதி, குஷ்டம் என்று ஊர் ஒதுக்கி, களக்காட்டுக்கு வெளியே ஒற்றைக் குடிசையில் கிடக்கிற அப்பாவும் முதலில் இதைத்தான் சொன்னார்: “விரலு மரமா இருக்கு தாயி.”

தொட்டிலில் பிள்ளை சிணுங்குகிறது. “பசிக்கும் போல, தூக்குட்டி.” ஞானம்பாள் இரண்டு கைகளையும் பைய பஞ்சுக் குவியலுக்குள் நுழைத்துக்கொள்கிறாள். “நீங்க தூக்குங்க மைனி.” வில்லின் சத்தம் நின்றுபோகிறது. மைனி அந்தக் கைகள் புதைந்த பஞ்சையே பார்க்கிறாள். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்குகிறாள்.