சிவப்புக் கோடு

“முடியாதும்மா. இன்னிக்குக் கையெழுத்துப் போட முடியாது.”

நாலாவது மாடியில் அதிகாரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். புதுக் கட்டடங்களை ஆய்வு செய்ய வரும் இவருக்கு ‘முடியாது சார்’ என்றுதான் பட்டப்பெயர். இந்தக் கட்டடத்தைக் கட்டிய இன்ஜினியர் பெண் அவசரமாக அவர் பக்கத்தில் வந்தாள்.

கீழே வாசலில் நாற்பது குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நின்றன. அவர்கள் இருந்த பழைய வாடகைக் குடியிருப்பை இடித்தாகிவிட்டது. பள்ளிக்கூட ஹாலில் திங்கட்கிழமை சாயங்காலம் வரைதான் இடம்.

அவர்களுக்காகத்தான் இத்தனை வேகம். ஃபேக்டரியில் மரப்பலகையால் அறை அறையாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போல்ட் போட்டு, தொண்ணூறே நாளில் ஐந்து மாடி. கூரை முழுக்க சோலார் பலகை. வாடகையும் பழைய வீட்டுக்குக் கொடுத்ததில் பாதிதான்.

“சார், எல்லா போல்ட்லயும் சிவப்புக் கோடு இருக்கே!”

முழுசாக முறுக்கி முடித்த போல்ட்டின் மேல்தான் சிவப்புக் கோடு போடுவார்கள்.

“கோடு அழகாத்தான் இருக்கு.” ஸ்பேனரை வைத்துத் திருப்பினார். போல்ட் சமர்த்தாகச் சுற்றியது. அடுத்ததும் சுற்றியது.

“முதல்ல கோட்டைப் போட்டுடுங்க, அப்புறம் முறுக்கிக்கலாம்” என்று இந்த மாடி ஃபிட்டர்களிடம் அவசரத்தில் சொன்னது அவளேதான். அந்த அப்புறம் வரவே இல்லை.

“சார், தயவு செஞ்சு ஃபெயில்னு எழுதிடாதீங்க. மறுபடி ஆய்வுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவங்க எங்க போவாங்க?”

“பெருங்காத்து அடிச்சா இந்த மாடி எங்க போகும்?”

அவர் ஃபைலில் ஏதோ எழுதி, மூடி, விறுவிறுவென்று படியிறங்கினார்.

வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு தையல்கார அம்மா வழி மறித்தாள். “என்ன சார், சாவி குடுக்கலாமா?”

“திங்கட்கிழமை பார்க்கலாம்.”

“உங்களுக்கென்ன! சொந்த வீட்ல காலை நீட்டிப் படுப்பீங்க. நாங்க பெஞ்சுக்கு அடியில படுத்துக் கிடக்கோம்!”

“இழுத்தடிக்கிறார்னா எதையோ எதிர்பார்க்கிறார்னு அர்த்தம்” என்றார் கூட்டத்தில் ஒருவர், அவர் காதில் விழட்டும் என்றே.

தப்பு என்னுடையது என்று சொல்ல இன்ஜினியர் பெண் வாயெடுத்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். அதிகாரி அவளை ஒரு தடவை பார்த்தார். ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார். போனவரைக் கூட்டம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தது. அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. மனசு கேட்கவில்லை. ஃபெயில் ஆனால் ஆகட்டும், போல்ட்டையாவது முறுக்கிவிடுவோம் என்று இரண்டு ஃபிட்டர்களை இழுத்துக்கொண்டு காலையிலேயே வந்தாள். முந்நூற்றுச் சொச்சம் போல்ட் இருந்தது.

நாலாவது மாடியில் ஏற்கெனவே ஸ்பேனர் சத்தம் கேட்டது.

ஏணி மேல், பழைய சட்டையில், வியர்த்து வழிய ‘முடியாது சார்’ நின்றுகொண்டிருந்தார்.

“சார்... நீங்களா?”

“இந்த வரிசை முடிஞ்சுது. நீங்க அந்தப் பக்கம் ஆரம்பிங்க. கோடு மட்டும் இப்ப போட்டுடாதீங்கம்மா, கடைசியா போட்டுக்கலாம். அந்தப் பையில டார்ச் இருக்கு, எடுங்க.”

பைக்குள் டார்ச்சின் மேல் நேற்றைய ஃபைல் கிடந்தது. திறந்தாள்.

‘ஃபெயில்’ என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டே வரிதான் இருந்தது:

‘ஆய்வு நடைபெறவில்லை. அதிகாரிக்கு உடல்நிலை சரியில்லாததால் திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.’