சைப்ரஸில் சீமைக்கருவை

மால்ட்டா தீவில் ஒரு நாள் முழுக்க ஜீப்பில் காடுமேடெல்லாம் சுற்றியவர் என்று ஊரில் பேர் எடுத்தவர் என்பதால், போனில் வந்த அந்தப் படம் தனுஷ்கோடியின் கண்ணை உடனே உறுத்தியது. தொப்பியும் தானுமாய் அவர் ஜீப் மேல் நிற்கும் மால்ட்டா படம்தான் அவருடைய பட்டாசுக் கம்பெனியின் இந்த வருடக் காலண்டர்.

படத்தில் இருந்தது வருங்கால மாப்பிள்ளை ஹரிஷ்குமார். வெள்ளைப் பாறை, கீழே நீலத் தண்ணீர், புழுதி படிந்த ஜீப். 'சைப்ரஸ் தீவில் ஒரு நாள்! படங்கள் வந்துகொண்டே இருக்கும்' என்று காலையில் அனுப்பியிருந்தான்.

தனுஷ்கோடி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். டயருக்குப் பக்கத்தில் ஒரு செடி.

"ஏலே புகழேந்தி, இது என்ன செடிலே?"

போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த டிரைவர் எட்டிப் பார்த்தான். "நம்ம சீமைக்கருவை மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"சைப்ரஸ்ல ஏதுலே சீமைக்கருவை? வெள்ளிக்கிழமை என் மக ஐஸ்வர்யாவுக்கு நிச்சயம். பொய் சொல்ற பயலுக்குப் பொண்ணக் குடுக்கவா? எடு வண்டிய!"

"எங்கன தேடுறது அண்ணாச்சி?"

"பாறையப் பாத்தா எனக்குத் தெரியாதா? நீ ஓட்டு."

ஏழாயிரம்பண்ணை தாண்டியதும் தார் ரோட்டைவிட்டு இறங்கச் சொன்னார். கரிசல் காட்டுக்குள் ஜீப் குலுங்கியது.

"அந்த ஒத்தப்பனைக்கு இடதுபக்கம் ஒடிச்சு விடு. ஓடை வரும், எறக்கு."

"பாதையே இல்லையே அண்ணாச்சி?"

"மால்ட்டாவில மட்டும் தார் போட்டு வச்சிருந்தானாக்கும்? ஓட்டுலே."

ஓடை வந்தது. அதைத் தாண்டினால், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நீலமாகத் தேங்கிக் கிடந்தது. கரையில் ஒரு ஜீப். அதன் மேல் கூலிங்கிளாஸோடு ஹரிஷ்குமார், நீட்டிய கையில் போன்.

"என்ன மாப்ளே, சைப்ரஸ்ல வெயில் எப்படி?"

ஹரிஷ்குமார் குதித்து இறங்கிய வேகத்தில் கூலிங்கிளாஸ் தெறித்து விழுந்தது. "மாமா... விசா கெடைக்கல. நாலு தேசம் பாத்த மாப்ளதான் வேணும்னு நீங்கதான சொன்னீக?"

"பாக்கச் சொன்னேன். படம் காட்டவா சொன்னேன்? என் வீட்டுக்குள்ள பொய்யின்னு ஒண்ணு நுழைஞ்சதே இல்ல. நிச்சயம் நின்னு போச்சுன்னு உங்க அப்பாட்டப் போய்ச் சொல்லு!"

ஹரிஷ்குமார் குனிந்து கூலிங்கிளாஸைப் பொறுக்கினான்.

தூரத்துத் தகரக் கொட்டகையின் கதவு கிறீச்சிட்டது. தனுஷ்கோடிக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. "ஏலே, வண்டியத் திருப்பு. சீக்கிரம்!"

அதற்குள் குவாரிக் காவல்காரர் இருளாண்டி முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, அவர் முன்னால் நின்று கும்பிட்டார்.

"வாங்க அண்ணாச்சி! இந்த வருசம் எந்த நாடு?"